சத்தம் போடாத எஞ்சின்

காலையில் ஸ்ராட் பண்ணியதும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் போடுகிற சத்தம் டிலக்ஷனுக்குப் பிடிக்கவேயில்லை. தகரப் பேணிக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு கடகடப்பு. கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால் தானாக அடங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் பொறுத்து நிற்கத்தான் அவனால் முடிவதில்லை. ஆக்சிலேற்றரை முறுக்குவான்.

"முறுக்காதேங்கோ எண்டு எத்தினைதரம் சொல்லுறது?" உதயகலா வந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினாள்.

"உது புது எஞ்சின் மாதிரியே கேக்குது? முற்றத்திலை நிண்டு ஸ்ராட் பண்ண வெக்கமாக் கிடக்கு."

"வெக்கப்பட என்ன கிடக்கு? இடம் விட்டிருக்கிறன். அதுதான் தட்டுது. சூடேறினாப் பிஸ்ரன் விரிஞ்சு அந்த இடத்தை நிரப்பிப்போடும்."

மருதனார்மடம் சந்தியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகைதான் உதயகலாவின் கராஜ். கலியாணத்துக்கு முன்னர் கொழும்பில், பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு எஞ்சின் கட்டுகிற கராஜ் ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தவள் அவள். டிலக்ஷன் விதைக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. கிழமை முழுதும் வலிகாமத்துத் தோட்டங்கள், வடமராட்சிக் கடைகள் என்று ஓடித்திரிவான். வீட்டில் இருக்கிற நாளிலும் இருக்கமாட்டான். கதிரையில் உட்கார்ந்தால் ஒரு கால் ஆடும். சாப்பிடும்போதே எழும்பிப் போய்க் கேற்றைப் பார்த்துவிட்டு வருவான். மோட்டார் சைக்கிளில் ஏறி முழு வேகத்தில் போகும்போது மட்டும் அவன் உடம்பில் ஒரு அசைவும் இருக்காது. கொடிகாமத்துப் பக்கம் நடந்த ஒரு பந்தயத்தில், தலையைத் தாழ்த்தி முழங்காலை இறுக்கிச் சிலைபோல அவன் இருந்ததைப் பார்த்துத்தான் உதயகலா அவனைக் கட்டச் சம்மதித்தாள் என்று சிநேகிதிகள் இன்னமும் பகிடி பண்ணுவார்கள்.

ஆவணி மாதம் தொண்டைமானாற்றுக்கு அங்கால், கடல்நீரேரி வற்றி இறுகிக் கிடக்கிற வெளியில் ஒரு பந்தயம் வைப்பதாக வடமராட்சிக் கழகம் ஒன்று அறிவித்திருந்தது. அதற்காகவே ஜேர்மனியிலிருந்த டிலக்ஷனின் சின்னண்ணை ஒரு ஃபோர்ஜ் பிஸ்ரன் அனுப்பியிருந்தார். வழமையான பிஸ்ரன், உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்த்தது. இது அலுமினியக் கட்டியைப் பெரும் பாரத்தில் அழுத்தி உருவாக்கியது. எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் இலேசில் உடையாது. ஆனால் சூடு பட்டால் வார்ப்புப் பிஸ்ரனைவிடக் கூடுதலாக விரியும். ஆகவே சிலிண்டரின் சுவருக்கும் பிஸ்ரனுக்கும் நடுவில் கூடுதலாக இடம் விடவேண்டும். பழைய பிஸ்ரனுக்கு மில்லிமீற்றரில் நூறில் நாலு பங்கு போதும். இதற்கு நூறில் ஏழு வேண்டும் என்று உதயகலா முடிவெடுத்து, வேறொரு சிலிண்டர் எடுப்பித்து அந்த அளவுக்கு உட்சுவரைக் கடைந்து போர் பண்ணுவித்தாள்.

நாலுக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பது ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. அதற்காக ஒரு புதுச் சிலிண்டரா என்பது டிலக்ஷனின் கேள்வி. பழைய பிஸ்ரனுக்கென்று நூறில் நாலு இடைவெளியில் போர் பண்ணி முடித்த சிலிண்டர் ஒன்று கராஜ் தட்டிலே சும்மா கிடந்தது.

எஞ்சினைக் கட்டுவதற்கு முன் அவனுக்கு விளங்கப்படுத்த அவள் ஒருநாள் குசினிக்குள் போனாள். புட்டுப்பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் புதுப் பிஸ்ரனை உள்ளே போட்டாள். டிலக்ஷனின் தாய் பாலேஸ்வரி கதவடியில் நின்று, "உந்தப் பானையிலையோ இனிப் புட்டு அவிக்கிறது?" என்று தலையில் கையை வைத்தார்.

"கழுவி வைப்பன் மாமி."

போடுவதற்கு முன், குளிர்ந்த பிஸ்ரனைத் தட்டிலே கிடந்த அந்தச் சிலிண்டருக்குள் விட்டுக் காட்டினாள். எண்ணெய் பூசினதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. கொதிதண்ணீரில் கிடந்த பிறகு துணியால் பிடித்து விட்டுப்பார்த்தாள். வாயிலேயே நின்றுகொண்டது. உள்ளே போக மறுத்தது.

"பாருங்கோ. கொதிதண்ணிச் சூட்டுக்கே உப்பிடி. எஞ்சினுக்கை உதைவிட எத்தினை மடங்கு சூடு."

டிலக்ஷன் பிஸ்ரனைப் பார்க்கவில்லை. சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தான். "இது குளிரெல்லோ கிடக்கு. எஞ்சின் ஓடேக்கை சிலிண்டரும் சூடாகும்தானே? அதுவும் விரியும்தானே?"

அது நியாயமான கேள்விதான். அவளும் ஒத்துக்கொண்டாள். "விரியும். ஆனா அது இரும்பு. கொஞ்சமாத்தான் விரியும். பிந்தியும் விரியும். முதல் சூடு விழுறது பிஸ்ரன்ரை தலையிலைதான். அது விரிஞ்சு வரேக்கை சிலிண்டர் இன்னும் குளிரிலை நிக்கும். அந்த நேரம் முறுக்கினால் பிஸ்ரன் சிலிண்டரிலை இறுகிப் பிடிச்சுப்போடும். பின்சில்லு அப்பிடியே இறுகும்."

"டினேசின்ரை எஞ்சின் பிடிக்கேல்லையே?"

"அவனுக்கு வார்ப்புப் பிஸ்ரன்."

"எல்லாத்துக்கும் உமக்கு ஒரு மறுமொழி கிடக்கும்," என்றுவிட்டு அவன் எழும்பிப் போனான்.

டினேஸ் அவனோடு படித்தவன். சந்தியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். அவனும் பந்தயம் ஓடுகிறவன். ஒருநாள் டிலக்ஷன் கடை வாசலில் எஞ்சினை ஸ்ராட் பண்ணியபோது, உள்ளேயிருந்து வெளியே வந்து காதைச் சாய்த்துக் கேட்டான். "மச்சான், உள்ளுக்கை ஆரோ தாளம் போடுறாங்கள் போல கிடக்கு. மனுசி அளவைத் தவறவிட்டிட்டுதோ?" நின்ற பெடியள் எல்லோரும் சிரித்தார்கள். டிலக்ஷனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து அதை உதயகலாவிடம் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு முற்றத்தில் உலாவினான்.

பந்தயத்துக்கு முந்திய கிழமை, நெல்லியடியில் இருக்கிற தமக்கையின் குழந்தை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு என்று உதயகலா போய் ஒருநாள் நின்றுவிட்டு வந்தாள். வந்த பிறகு அவனில் ஒரு மாற்றம் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை அவளைத் தொடவிடவில்லை. "நான் எல்லாம் பாத்திட்டன். நீர் களைச்சு வந்திருக்கிறீர், விடும்," என்றான். துடைத்த பெற்றோல் தாங்கியையே மறுபடி மறுபடி துடைத்தான். ஸ்ராட் பண்ணுவதையும் அவள் சந்தைக்குப் போன நேரத்தில் வைத்துக்கொண்டான். பந்தயப் பதற்றம் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கும் அது இருந்தது. கையில் எடுத்த சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினாள், உலையில் அரிசி போட்டதை மறந்தாள்.

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. சோளகக் காற்று வெளியின் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணுக்குள் போட்டது. கொடி கட்டிய தடிகள் காற்றில் வளைந்தன. பிரதம விருந்தினர் வரப் பிந்தியதால் எல்லோரும் வெயிலில் காத்து நின்றார்கள். டிலக்ஷன் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. ஹெல்மற்றைப் போட்டான், கழற்றினான், கையுறையைக் கடித்தான். மோட்டார் சைக்கிள் அவர்கள் வந்த சின்ன லொறியின் நிழலில் நின்றது.

"தண்ணி வாங்கிக்கொண்டு வாறீரோ?" என்று கேட்டான்.

அவள் போத்தலோடு திரும்பி வரும்போது லொறிக்குப் பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரே சீரான, மெத்தென்ற சத்தம். நல்ல எஞ்சின், ஆருடையது என்று அவளுக்கு ஒரு நினைவு வந்தது. லொறியைச் சுற்றி வந்து பார்த்தபோது அது அவளுடையதாக இருந்தது.

கடகடப்பே இல்லை.

இவன் முன்னமே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கிவிட்டானோ என்று குனிந்து சிலிண்டரில் கையை வைத்தாள். உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தது. இப்போதுதான் ஸ்ராட் பண்ணியிருக்கிறான். அவள் கட்டிய எஞ்சின் குளிரில் இப்படி ஓடவே ஓடாது.

"என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்?"

"சிலிண்டரை மாத்தினனீங்களோ?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கையுறையை இழுத்து மாட்டினான். "ஓம், மாத்தினனான். நீர் நெல்லியடிக்குப் போன அண்டைக்கு. தட்டிலை கிடந்ததைத் தூக்கிப் போட்டனான். இப்ப கேட்டுப்பாரும், எவ்வளவு வடிவா ஓடுது எண்டு."

"விசரே உங்களுக்கு? அதுக்குள்ளை பிஸ்ரன் போகாது எண்டு காட்டினனான் எல்லோ!"

"போட்டு முற்றத்திலை ஓடிப் பாத்திட்டன். ஒண்டும் நடக்கேல்லை."

"முற்றத்திலை ஓடுறதும் முழு வேகத்திலை ஓடுறதும் ஒண்டே? இண்டைக்கு ஓடாதேங்கோ. சொல்லுறதைக் கேளுங்கோ."

ஒலிபெருக்கியில் அவர்களுடைய ஓட்டத்துக்கு ஆட்களை அழைத்தார்கள். விருந்தினர் வந்துவிட்டார், இனிச் சுணங்க ஏலாது, உடனே தொடக்கக் கோட்டுக்கு வாருங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். டிலக்ஷன் ஏறினான். "சூடாக்கிறதுக்கும் நேரமில்லை, சண்டை பிடிக்கிறதுக்கும் நேரமில்லை, கலா. விடும்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

அவள் பின்னாலேயே போனாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். கோட்டில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டினேஸ் பக்கத்தில் நின்று என்னவோ சொல்ல, டிலக்ஷன் தலையாட்டினான். கொடி பிடித்தவர் கையை உயர்த்தினார். எல்லா எஞ்சின்களும் ஒருசேர உறுமின. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு பெண் ஓடி வருவதைக் கண்டு யாரோ கத்தினார்கள். உதயகலா எதையும் யோசிக்கவில்லை. குனிந்து, எஞ்சின் தலையில் பிளக்கை மூடியிருந்த தொப்பியைப் பிடித்து வயரோடு இழுத்துப் பிடுங்கினாள். முழங்கை வரைக்கும் கரண்ட் அடித்தது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

கொடி விழுந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள். புழுதி அடங்கியபோது கோட்டில் அவனும் அவளும் மட்டும் நின்றார்கள். அவளுடைய கையில் அறுந்த வயரும் தொப்பியும் இருந்தன. ஓரத்தில் நின்ற சனம் முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு ஒரு விசில், அதன் பின் சிரிப்பு. ஒலிபெருக்கிக்காரரும் தன் பங்குக்கு, "ஒரு வீரருக்கு வீட்டிலையிருந்து தடையுத்தரவு வந்திட்டுது," என்றார்.

டிலக்ஷன் ஹெல்மற்றைக் கழற்றாமலே மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லொறிக்குப் போனான்.

வரும்வழி முழுதும் அவனுடைய கால் லொறியின் தகரத்தில் தட்டிக்கொண்டே வந்தது. லொறி ஓட்டியவர் இரண்டு தரம் ஏதோ கேட்டுவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டார். உதயகலா ஒரு நிமிடம், சரியாகத்தான் செய்தேன் என்று நினைப்பாள். அடுத்த நிமிடமே, ஒருவேளை பிடிக்காமல் ஓடியிருந்தால் என்று நினைப்பாள். அப்படி ஓடி அவன் வென்றும் இருக்கலாம். நடக்காத ஒன்றை நடந்திருக்கும் என்று யாருக்கு எப்படிக் காட்டுவது?

சேதி அவர்களுக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டது. யாரோ எடுத்த வீடியோ ஃபோனுக்கு ஃபோன் போயிருந்தது. பாலேஸ்வரி கேற்றடியில் நின்றார்.

"ஏன் பிள்ளை, புருசனை ஊருக்கு முன்னாலை உப்பிடி ஆரும் செய்வினமே? தடுக்கிறதெண்டால் வீட்டிலை வைச்செல்லோ தடுக்கவேணும்?"

"வீட்டிலை எனக்குத் தெரியாது மாமி. அங்கைதான் தெரிஞ்சது."

"என்ன தெரிஞ்சது?"

அதை மாமிக்கு விளங்கப்படுத்த அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. டிலக்ஷன் நேரே கராஜுக்குள் போய்விட்டான். அவள் போய்க் கதவடியில் நின்றாள்.

"கழட்டிப் பாப்பம். அளந்து காட்டுறன்," என்றாள்.

"அளந்து என்னத்தைக் காட்டப்போறீர்? நாலு எண்டு எனக்கும் தெரியும். நாலிலை ஓடாது எண்டு சொன்னது நீர் மட்டும்தான்." அவன் அங்குமிங்கும் நடந்தான். "உம்மடை எஞ்சின், உம்மடை அளவு, உம்மடை கராஜ். வெண்டாலும் 'மனுசி கட்டின எஞ்சினெல்லோ' எண்டுதான் சொல்லுவாங்கள். சத்தம் போட்டாலும் உம்மடை சத்தம். நான் ஆர் உதிலை? மேலை குந்தியிருக்கிற பாரம்."

"நான் அப்பிடி எப்ப சொன்னனான்?"

"சொல்லத் தேவையில்லை. ஒருநாளாவது அந்த அளவு பாக்கிற மைக்கிரோமீற்றரை என்ரை கையிலை தந்தனீரோ? 'தொடாதேங்கோ, தொடாதேங்கோ' எண்டுதானே வாய் திறந்தாச் சொல்லுறனீர்."

உண்மையில் அவள் தொடவிட்டதில்லை. தப்பாக இறுக்கிவிடுவான் என்ற பயம்தான். அவசரக்காரன். ஆனால் அந்தப் பயத்தை அவனிடம் சொல்லாமல், தொடாதேங்கோ என்று மட்டும் சொல்லிவந்திருக்கிறாள். இப்போது எதைச் சொன்னாலும் சண்டையாகத்தான் போகும் என்று நினைத்து வீட்டுக்குள் போனாள்.

பின்னேரம் ஆகிவிட்டது. அவள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது எஞ்சின் ஸ்ராட் பண்ணுகிற சத்தம் கேட்டது. பிளக் தொப்பி அவளுடைய கைப்பையில் கிடந்தது. ஆனால் கராஜ் மேசை லாச்சிக்குள் மாற்று வயரும் தொப்பியும் இருப்பது அவனுக்குத் தெரியும். அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் அவன் கேற்றைத் தாண்டிவிட்டான். ஹெல்மற் போட்டிருந்தான். அதைமட்டும் கண்டாள்.

"இஞ்சாருங்கோ! நில்லுங்கோ!"

அவன் ஒழுங்கையால் திரும்பித் தெல்லிப்பழைப் பக்கம் போகிற தோட்டத்து ரோட்டில் ஏறினான். அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். வாழைத் தோட்டங்களுக்கு அங்காலிருந்து சத்தம் வந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது. சீராகத்தான் போனது. சத்தம் மெல்லியதாகி, உயர்ந்து, இன்னும் உயர்ந்தது. முழுதாக முறுக்கிவிட்டான். நாலாவது கியர். நன்றாகத்தான் ஓடுகிறது. ஒருவேளை நான்தான் பிழையோ என்று நினைத்தாள்.

சத்தம் நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. வெட்டினதுபோல நின்றது. பிறகு ரயர் ரோட்டில் இழுபடுகிற நீண்ட கீச்சு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

அந்தக் கணத்தில், பயம் வருவதற்கு முன்னால், அவளுக்குள் ஒன்று துள்ளியது. நான் சொன்னனான். அவ்வளவுதான். கண்மூடித் திறக்கிற நேரம். அதன் பிறகுதான் கால்கள் ஓடத் தொடங்கின.

ரோட்டில் பின்சில்லு இழுத்த கறுப்புக் கோடு ஒன்று நேராகப் போய், ஓரத்தில் வளைந்து, செம்மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்ற கந்தப்பு என்கிற தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். தண்ணீர் பாய்ந்து நனைந்த பாத்தியில் டிலக்ஷன் மல்லாந்து கிடந்தான். நனைந்த மண் என்றபடியால் தப்பினான் என்று கந்தப்பு சொன்னார். ஒரு கை மேலெழும்பவில்லை. தோள் இறங்கியிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து இரத்தமும் சேறுமாக இருந்தது.

"கலா," என்றான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "பிடிச்சிட்டுது."

"கதையாதேங்கோ. காலை ஆட்டுங்கோ பாப்பம். ரண்டு காலையும்."

அவன் ஆட்டினான். அவள் சேற்றில் அப்படியே இருந்துவிட்டாள்.

கந்தப்புவின் மகன் ஓட்டோவைக் கொண்டுவந்தான். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், காறை எலும்பு உடைந்திருக்கிறது, வேறு பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தலை அடிபட்டதா என்று பார்க்க இன்றைக்கு வைத்திருக்க வேண்டும் என்றார். கையைத் தொட்டிலிட்டுக் கழுத்தில் கட்டிக் கட்டிலில் படுத்தினார்கள். காயத்தைத் துடைத்த தாதி மிஸ், "ஆடாமல் கிடவுங்கோ, ஆடாமல் கிடவுங்கோ," என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனா. அவனுடைய கால் போர்வைக்குள்ளே ஆடிக்கொண்டேயிருந்தது.

மிஸ் போன பிறகு உதயகலா கட்டிலருகே இருந்தாள். சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தாள். இருக்க முடியவில்லை.

"எனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லும். ஏசிப் பேசப்போறீர் எண்டால் பேசும். அதுக்குத்தானே கிடக்கிறன்."

"பேசேல்லை. சத்தம் நிண்டது கேட்டுதெல்லோ, அப்ப எனக்கு முதல் சந்தோசம் வந்தது. நான் சொன்னது சரியாப் போச்சுது எண்டு. நீங்கள் உயிரோடை இருக்கிறீங்களோ எண்டு பிறகுதான் நினைச்சனான்."

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு என்ன வந்தது தெரியுமோ?" என்றான் அவன். "பின்சில்லு இறுகின உடனை கிளச்சைப் பிடிச்சிருக்கவேணும். பிடிச்சிருந்தால் விழுந்திருக்கமாட்டன். பிடிக்கேல்லை. ஏனெண்டால் அந்த நேரம் நான் யோசிச்சது, ஐயோ, இனி இவளுக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் மூக்கைச் சீறிக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்து, காறை எலும்பு இழுக்க, "அம்மா" என்று முனகினான்.

"மாத்தினதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விடுவீரோ?"

"விடமாட்டன்."

"பிறகென்ன?" என்றான். போர்வை நுனியைத் திருகிக்கொண்டு, "சொல்லியிருக்கவேணும்தான்," என்றான்.

"நானும் உங்களைத் தொடவிட்டிருக்கவேணும். நீங்கள் அவசரத்திலை இறுக்கிப்போடுவீங்கள் எண்டு பயம். அதை நேரை சொல்லப் பயம்."

"சொல்லியிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன்."

"ஓம், அதுதான்."

டினேஸ் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவன்தான் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டவன். அன்று பந்தயத்தில் அவன் இரண்டாவதாக வந்திருந்தான். அதைப் பற்றி அவன் ஒன்றும் கதைக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று தலையைச் சொறிந்தான்.

"சைலன்சரைக் கழட்டிப்போட்டு ஓட்டைக்குள்ளாலை ரோர்ச் அடிச்சுப் பாத்தனான். பிஸ்ரன் ஓரமெல்லாம் கிழிஞ்சு கிடக்கு. சிலிண்டரிலை அலுமினியம் அப்பிக்கிடக்கு." பிறகு உதயகலாவைப் பார்த்து, "தங்கச்சி, அளவு பிழைச்சுப் போச்சுதோ?" என்றான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் டிலக்ஷன் குறுக்கிட்டான். "அவ வைச்ச அளவு இல்லையடா அது. நான் மாத்தினது. நீ கடை வாசல்லை நிண்டு சிரிச்சாய் எண்டு மாத்தினது."

டினேஸ் அவனையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். காலையில் கோட்டில் நடந்தது அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கவேண்டும். "அப்ப, அங்கை ஓடியிருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அந்த வெளியில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றின் பின் ஒன்றாக முழு வேகத்தில் போயின. டிலக்ஷனுக்குப் பின்னால் வந்திருக்கக்கூடியவர்களில் அவனும் ஒருவன்.

"நான் பகிடிக்குச் சொன்னதடா மச்சான்," என்றான் கடைசியாக. குரல் இறங்கியிருந்தது. கொண்டுவந்த தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

உதயகலாவின் ஃபோன் அடித்தது. மாமி. அவள் ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"என்ன பிள்ளை சொல்லுகினம்? இரவைக்குக் கஞ்சி கொண்டு வரட்டோ?"

"கொண்டு வாருங்கோ மாமி. பயப்பட ஒண்டுமில்லை. நாளைக்கு விடுவினம்."

மறுபக்கத்தில் பானை மூடுகிற சத்தம் கேட்டது. "அப்ப பிழை ஆரிலை? நீ காலமை தடுத்தது சரியோ, பிழையோ? ஒழுங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டு நிக்குதுகள். நான் என்னத்தைச் சொல்லுறது?"

உதயகலா டிலக்ஷனைப் பார்த்தாள். சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் வாயில் வந்தது, "எஞ்சின் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ மாமி," என்பதுதான்.

"அம்மா!" டிலக்ஷன் தலையைத் தூக்கிக் கத்தினான். "பிழை என்னிலை. என்னிலை எண்டு சொல்லுங்கோ. கேற்றடியிலை நிண்டு சத்தமாச் சொல்லுங்கோ."

கத்திய வேகத்தில் எழும்பப் பார்த்துவிட்டான். மிஸ் ஓடி வந்தா. "ஐயா, உங்களைக் கட்டிப்போடவோ நான்?" என்று தோளைப் பிடித்துத் திரும்பப் படுக்கவைத்தா. ஃபோனுக்குள் பாலேஸ்வரி, என்னடா நடக்குது அங்கை, ஆர் கத்துறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். உதயகலா ஒரு கையில் ஃபோனைப் பிடித்தபடி, மற்றக் கையால் போர்வைக்கு மேல் அவனுடைய காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.